நீ கை தூக்கிய ஞாயிறு

இன்று அந்தக் கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து புழுங்கலரிசி வாசனை. நம் இங்கிலீஷ் கோவில் இப்போது ஒரு மண்டிக்காரரின் கிடங்கு. பீடம் இருந்த இடத்தில் மூட்டைகள். மூட்டைமேல் உட்கார்ந்து ஒருவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "என்னா வேணும்?" என்றார். ஒன்றும் வேண்டாம் என்று வந்துவிட்டேன். வந்து உனக்கு எழுதுகிறேன். நீ போய் ஒன்பது மாதம்.

கத்தோலிக்க ஊரில் இங்கிலீஷ் சபைக்காரர் நாம் ஏழு பேர். மாதத்தில் ஒரு ஞாயிறு, கடலூரிலிருந்து பிரெஞ்சு எல்லை தாண்டி வரும் பாதிரியார். ஆர்மோனியம் நீ. வேதபாடம் வாசிப்பது நான். முன் பெஞ்சில் என் அம்மா. நற்கருணை வாங்கும்வரை பச்சைத்தண்ணீர் குடிக்கமாட்டாள். அரியாங்குப்பத்திலிருந்து ஆறு தாண்டி வெறும் வயிற்றோடு நடந்து வருவாள். "உங்கம்மாவுக்கு மாசத்துல ஒரே நாளுதான்டா" என்று நீதான் ஒருமுறை சொன்னாய்.

கோவிலை மூடலாமா என்று பாதிரியார் கேட்கப்போவது முன்பே தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் கடற்கரையில் தலைகளை எண்ணினோம். மூடச் சொல்வோர் மூன்று. வேண்டாம் என்போர் நாலு, உன்னைச் சேர்த்து.

"கவலப்படாதடா. என் கை உன் பக்கம்."

அதைப் போய் அம்மாவிடம் சொன்னேன். அன்று நன்றாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும், மூடலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார் பாதிரியார். மூன்று கைகள். பிறகு ஆர்மோனியத்தின் பின்னாலிருந்து ஒன்று. அவசரமில்லாத கை. நீ என்னைப் பார்க்கவில்லை. அம்மா திரும்பி உன்னைப் பார்த்தாள். தவறிப்போய்த் தூக்கிவிட்டாய் என்று நினைத்திருக்க வேண்டும். சிரித்தாள்.

வாசலில் உன்னை மறித்தேன்.

"நேத்து என்னா சொன்ன?"

"சொன்னேன்."

"அப்புறம்?"

"எனக்கு நம்பிக்க போயி ரெண்டு வருசம் ஆவுது. உனக்குந்தான். பட்டணத்துக் காலேஜிலேர்ந்து வந்த நாளா பாக்கறேனே. உங்கம்மாவுக்காக நீ வாசிக்கற. நான் எத்தினி நாளைக்குடா பொட்டி வாசிக்கறது?"

"இத நேத்தே சொல்லியிருக்கலாம்."

"உன் மூஞ்சியப் பாத்து சொல்ல முடியல."

நம்பாதவன் மூடச் சொன்னது நியாயம். அதை அன்றே ஒப்புக்கொண்டேன். சனிக்கிழமைதான் ஆறவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் வேறு யாரிடமாவது கெஞ்சியிருப்பேன். அம்மாவையாவது தயார்ப்படுத்தியிருப்பேன். அவள் உன்னைப் பார்த்து அப்படிச் சிரித்திருக்கமாட்டாள்.

அதற்குப் பிறகு நாம் பேசவில்லை. உனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டும் நான் வரவில்லை. நாலாம் நாள் போய்விட்டாய். கடலூருக்கு ஆள் அனுப்பினோம். பாதிரியார் வேறெங்கோ ஊழியத்துக்குப் போயிருந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உடல் தாங்காது. அம்மாதான் ஜெபப் புத்தகத்தை என் கையில் திணித்தாள்.

"படிடா. அவனுக்கு வேற யாரு இருக்கறாங்க?"

படித்தேன். திரும்ப எழுந்திருப்பாய் என்று சொல்லி உன்னை மண்ணுக்குக் கொடுத்தேன். கேட்டிருந்தால் நீ சிரித்திருப்பாய். என் குரல் நடுங்கவில்லை. கோபம் அதை நிமிர்த்தி வைத்திருந்தது.

இப்போது ஞாயிறுகளில் வீட்டில் ஜெபம். அம்மாவும் நானும். இறந்தவர்களை ஒவ்வொரு பெயராகச் சொல்வாள். ஒவ்வொன்றுக்கும் நான் ஆமென் சொல்ல வேண்டும். நம்பாமலே சொல்கிறேன், அவளுக்காக. உன் பெயர் கடைசி. அங்கே வாய் திறப்பதில்லை. வேறு யாருக்கும் சொல்ல முடிகிற பொய், உனக்கு மட்டும் வரவில்லை.

அம்மா அதட்டுவதில்லை. கண்ணைத் திறக்காமல் காத்திருக்கிறாள்.