இருவர் சேர்ந்து முடித்த ஆறாம் வகுப்பு

அனுப்புநர்:
அக்குவேலே அமூசு,
புகைமீன் வியாபாரம்,
படகுத்துறைத் தெரு,
அசியாகோப்பே, டோகோ.

பெறுநர்:
அலுவலர் அவர்கள்,
வயதுவந்தோர் மாலைக் கல்விப் பிரிவு,
வட்டாரக் கல்வி அலுவலகம்.

பொருள்: தொடக்கக் கல்வி ‘முடிக்கவில்லை’ என்று என் பெயரில் எழுதப்பட்டதைத் திருத்தி, மாலைப் பள்ளியின் மேல்வகுப்பில் இடம் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற மழைக்காலத்தில், அறுபது வயதைத் தாண்டியவர்களில் தொடக்கப் பள்ளியை முடித்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்க, தங்கள் அலுவலகத்திலிருந்து எனியோனம் என்ற இளம்பெண் எங்கள் தெருவுக்கு வந்தார். நல்ல பெண். நான் கொடுத்த மீனைச் சாப்பிட்டுவிட்டுத்தான் கேள்வியே கேட்டார். ஆறு வகுப்பும் முடித்தவள் என்று சொல்லிச் சான்றிதழைக் காட்டினேன். அதில் என் இரட்டைச் சகோதரி அக்கோகோவின் பெயர் இருந்தது. காரணத்தைச் சொன்னதும், “ஒருநாள் விட்டு ஒருநாள் போனீங்கன்னா, ஆளுக்கு மூணு வருஷம்தானம்மா ஆச்சு?” என்றார். “மீன்னா நடுவுல வெட்டிக் குடுத்துடுவேன். படிப்ப எப்படிம்மா வெட்டுறது?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ‘முடிக்கவில்லை’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அதனால் மாலைப் பள்ளியில் என்னைப் பென்சில் பிடிக்கக் கற்றுத்தரும் வகுப்பில் உட்கார வைத்திருக்கிறார்கள். அங்கே இருக்கும் பெண்களை நான் குறைவாக நினைக்கவில்லை. அவர்கள் என் வயதுக்காரர்கள், என்னோடு மீன் சுமந்தவர்கள். அவர்களைப் பள்ளிக்கு அனுப்பவேண்டும் என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் எனக்கு வேண்டியது மேல்வகுப்பு. நானும் அக்கோகோவும் விட்ட இடம் அதுதான்.

எங்கள் பக்கத்தில் இரட்டையரில் ஒருவருக்குக் கொடுப்பதை மற்றவருக்கும் கொடுத்தாக வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஒருத்தியைப் பள்ளிக்கு அனுப்பி இன்னொருத்தியை அடுப்படியில் வைத்தால் வீட்டுக்கு ஆகாது. இருவரையும் அனுப்பினால் மீன் புகைக்க ஆளில்லை. எங்கள் அம்மா யோசித்து, இன்று அவள், நாளை நீ என்று அனுப்பினார். முதல்நாள் போனது அக்கோகோ. ஆகவே பள்ளியில் எங்கள் இருவருக்கும் அவள் பெயர். போனவள் திரும்பி வந்ததும் அடுப்பருகே உட்கார்ந்து, அன்றைய பாடம் முழுவதையும், ஆசிரியர் இருமியது உட்பட, வீட்டில் இருந்தவளுக்குச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஆசிரியர் அஜாவோன் இதில் ஏமாந்துவிடவில்லை. இறுதித் தேர்வு இரண்டு நாள் நடந்தது. அதற்கு முன் என்னை அழைத்து, “உங்க ரெண்டு பேருல கணக்கு போடுறவ யாரோ, அவள ரெண்டாவது நாள் அனுப்பச் சொல்லு உங்கம்மாட்ட” என்றார். முதல்நாள் சொல்வதெழுதுதலுக்கு நான் போனேன். மறுநாள் கணக்குக்கு அக்கோகோ போனாள். தேறினோம்.

ஒன்றைத் தாங்கள் பொறுமையாகக் கேட்க வேண்டும். ஒருநாள் ஆசிரியர் நகரத்திலிருந்து மரத்தூளில் பொதிந்து ஒரு பனிக்கட்டி கொண்டுவந்தார். பிள்ளைகள் வரிசையில் வந்து தொட்டுப் பார்த்தார்கள். அது உள்ளங்கையைச் சுட்டது எனக்கு நினைவிருக்கிறது. சாக்கின் ஈர வாசனையும், உருகிய நீரை அவர் ஜன்னலோரச் செடிக்கு ஊற்றியதும் நினைவிருக்கிறது. அக்கோகோவுக்கும் அப்படியே நினைவிருந்தது. ஆனால் அன்று போனவள் ஒருத்திதான். அது யார் என்று வாழ்நாள் முழுவதும் சண்டை போட்டோம். போன ஆண்டு காய்ச்சலில் கிடந்தபோதுகூட அவள், “தொட்டது நான்தான்டி. சரி போ, நீயே வச்சுக்கோ” என்றாள். அந்தக் காய்ச்சலிலிருந்து அவள் எழவேயில்லை. ஐயா, அந்தப் பனிக்கட்டியை எந்தப் பாதியில் எழுதுவீர்கள்? எனக்குத் தெரிந்தவற்றில் எவை நானே கேட்டவை, எவை அவள் குரலில் வந்தவை என்று என்னாலேயே பிரிக்க முடியவில்லை. பிரிக்க விருப்பமும் இல்லை.

நாங்கள் இருவரும் படித்ததற்குப் பள்ளியிலிருந்து சான்று வாங்கிவரும்படி தங்கள் அலுவலகம் எழுதியிருக்கிறது. பள்ளி கடலுக்குள் இருக்கிறது. முதலில் விளையாட்டுத் திடல் போயிற்று, பிறகு தென்னைகள், பிறகு எங்கள் வகுப்பறை. இப்போது அதன்மேல் படகுகள் போகின்றன. வலைக்காரர்கள் அந்த இடத்துக்குப் பெயரை மட்டும் மாற்றவில்லை. “இன்னிக்குப் பள்ளிக்கூடத்துல நல்ல மீனு” என்று சொல்லித்தான் என்னிடம் கூடையை இறக்குகிறார்கள். விடியற்காலையில் கரையில் நிற்கும்போது, நீருக்கடியில் பெஞ்சுகள் இன்னும் வரிசையாகக் கிடப்பதாகவும், எங்கள் இடத்தில் இரண்டு மீன்கள் முறைவைத்து உட்கார்ந்து எழுவதாகவும் எனக்குத் தோன்றும். அவற்றிடம் கையெழுத்து வாங்க முடிந்திருந்தால் வாங்கி இணைத்திருப்பேன்.

இறந்தவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று எனியோனம் சொன்னார். அரசாங்கத்தின் கணக்கு அப்படியே இருக்கட்டும். எங்கள் வழக்கப்படி அக்கோகோவுக்கு மரத்தில் சிறு உருவம் செதுக்கி வீட்டில் வைத்திருக்கிறேன். குளிக்க வைக்கிறேன். என் தட்டில் முதல் கவளம் அவளுக்கு. என் படிப்பிலிருந்து அவளைக் கழித்துவிட்டு மீதியை என் பெயரில் எழுதியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே, அந்த ‘முடிக்கவில்லை’ என்பதை அடித்துவிட்டு ‘முடித்தவர்’ என்று எழுதி, வரும் பருவத்தில் என்னை மேல்வகுப்பில் சேர்க்க ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அக்கோகோவுக்குத் தனி இடம் கேட்கவில்லை. ஒருத்தி போனால் ஒருத்தி வீட்டில் இருப்பது எங்கள் ஏற்பாடு. இனி எல்லா நாளும் என் முறைதான். ஒரே ஒரு சலுகை மட்டும் வேண்டும்: வகுப்பு முடிந்ததும் என்னை நிறுத்தி வைக்காமல் அனுப்பிவிட வேண்டும். அடுப்பருகே அவள் பாடம் கேட்கக் காத்திருப்பாள்.

இடம்: அசியாகோப்பே
நாள்: 12 அக்டோபர் 2023

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
அக்குவேலே அமூசு
(அக்கோகோ அமூசுவுக்காகவும்)

இணைப்பு: எங்கள் சான்றிதழின் நகல்.