வரிப்புல்லுக்கு யூரியா வேண்டாம்

நெல் பயிரிட்டே தலை நரைத்த கீரப்பாளையம் திருநாவுக்கரசுக்கு, இலை வெளுத்தால் சத்துக் குறைவு என்றுதான் தெரியும். மகள் வெண்மதி சிதம்பரம் நர்சரியில் வாங்கிவந்து வாசலோரம் நட்ட புல், பிறவியிலேயே வெள்ளை வரி போட்டது. மாசியில் அவள் காய்ச்சலில் போய்விட்டாள். புல்லாவது பிழைக்கட்டும் என்று அவர் யூரியாவை அள்ளிப் போட, வரியே இல்லாத பச்சைத் தாள்களாகக் கிளம்பிவிட்டது.

"புள்ள வெளுத்தப்ப ஒண்ணுமில்லன்னீங்க. புல்லு வெளுத்ததுக்கு உரத்தைத் தூக்கிக்கிட்டு ஓடுறீங்க" என்று நேற்று மனைவி அமிர்தவல்லி கேட்டுவிட்டாள். மனிதர் ராத்திரி சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

காலையில் அவர் வயலுக்குப் போயிருந்தபோது கடலூரிலிருந்து போன் வந்தது. அவள் காலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள்:

"மாமா, தங்கச்சி பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சாம். கடலூர் போறேன். சாவி பக்கத்து வீட்ல இருக்கு. சோறும் கருவாட்டுக் கொழம்பும் மூடி வச்சிருக்கேன், பட்டினி கெடக்காதீங்க. வரிப்புல்லுல முழுப் பச்சையா வந்த தாளை மட்டும் வேரோட புடுங்கிடுங்க, இல்லன்னா வெள்ளையை அமுக்கிடும். வெண்மதி அப்படித்தான் செய்வா. இனிமே யூரியா வேணாம்."

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"நேத்து சொன்னதை மனசுல வச்சிக்காதீங்க. தெரிஞ்சிருந்தா அவளுக்கும் இப்படித்தான் ஓடியிருப்பீங்க."