எலுமிச்சங்காய் விட்ட தண்ணீர்

என்னை விட்டுவிட்டு முன்னால் போய்விட்ட என் அஞ்சலைக்கு,

நான் வாசிப்பேன், நீ அரிசி புடைத்துக்கொண்டே கேட்பாய். அந்தப் பழக்கம் போகவில்லை. இதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் எழுதுகிறேன். பக்கத்து லய வீட்டில் யார் காதிலாவது விழுந்தால் விழட்டும். ஒளித்தது போதும்.

முதலில் நல்ல சேதி. உன் தம்பி முனியாண்டி கல்யாணம் கட்டிக்கொண்டான். பெக்கோக் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பெண், பேர் செல்லம்மா. ரப்பர் பால் வெட்டப் போகிறபோதே உன்னைப் போல ஊரைக் கூட்டிப் பேசுகிற குரல். அந்தக் குரல் கேட்டால் நான் மருந்து கலக்குவதை நிறுத்திவிடுகிறேன். உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது அஞ்சலை. இத்தனை வருஷத்தில் அது ஒரு பொட்டும் குறையவில்லை.

எலுமிச்சங்காய் ஜாடி ஞாபகம் இருக்கிறதா? நறுக்கி, கல்லுப்பு போட்டுக் குலுக்கி வைத்தாய். மறுநாள் பாதி ஜாடி தண்ணீர். “நான் ஒரு சொட்டுக்கூட ஊத்தலையே, இவ்ளோ தண்ணி எங்கேருந்துங்க வந்துச்சு?” என்று கேட்டாய். நான் யார், மருந்து கலக்கி ஊசி போடுகிற தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் ஆயிற்றே! உப்பு கரைந்தால் தண்ணீர்தான், உனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். காய் எல்லாம் சுருங்கிக் கிடந்ததை நீ பார்த்தாய். நான் பார்க்கவில்லை.

அந்த வாரந்தான் சிகாமட் ஆற்றில் வெள்ளம் ஏறி ரயில் நின்றது. லயத்தில் வாந்திபேதி வந்தது. உனக்கும் வந்தது. கண் குழிந்து, விரல் நுனியெல்லாம் வற்றிப்போய்க் கிடந்தாய். நரம்பில் உப்புத்தண்ணீர் ஏற்றினால் பிழைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும், நானே பலருக்கு ஏற்றியிருக்கிறேன். ஆனால் மருந்துப் பெட்டியில் உப்புப் பொட்டலம் தீர்ந்துவிட்டது. ரயில் வந்தால்தான் அடுத்த பெட்டி.

அப்போது முனியாண்டி கேட்டான். “அடுப்படியில அக்கா உப்பு இருக்கே மாமா, அதைப் போடலாமா?” எரிந்து விழுந்தேன். ஊறுகாய்க்குப் போடுகிறதை உடம்புக்குள் விடச் சொல்கிறாயா என்று வாசலுக்குத் துரத்தினேன். உப்பு என்பது நோய்ப் பூச்சியைக் கொல்கிற மருந்து, வற்றின உடம்புக்கு வேண்டியது தண்ணீர், மருந்து இல்லாவிட்டால் தண்ணீராவது போகட்டும் என்பது என் கெட்டிக்காரக் கணக்கு. காய்ச்சி ஆறவைத்த வெறுந்தண்ணீரை உன் கையில் ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் இடுப்பு வலிக்கிறது என்றாய். பிறகு கொஞ்சமாகப் போன சிறுநீர் கறுஞ்சிவப்பாக இருந்தது. நோய் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் நீ இல்லை.

தோட்டமே என்னைப் புகழ்ந்தது. பெண்டாட்டிக்காக மனுசன் எப்படிப் போராடினான் என்றார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நானும் தலையாட்டினேன்.

போன வருஷம் ஆறு வாரப் படிப்புக்குப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ரத்தம் பார்க்கிற மேஜையில் என் வயதுக்கார யாழ்ப்பாணத்தார் ஒருவர். மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டு ரத்தம் காட்டினார். வட்டவட்டமாய் மணிகள். ஓரத்தில் வெறுந்தண்ணீர் விட்டார். மணிகள் உப்பின, பிறகு ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. வெறும் சிவப்புத் தண்ணீர் மிச்சம்.

“பச்சைத்தண்ணி விட்டா இப்பிடித்தான்,” என்றார். “ஒவ்வொண்டுக்கும் மெல்லிசாய் ஒரு தோல். அது தண்ணிய விடும், உப்பை லேசில விடாது. தண்ணி எப்பவும் உப்புக் கூடின பக்கந்தான் போகும். வெளியில உப்பில்லாட்டி உள்ளுக்க போய்ப் போய் வெடிச்சிடும்.”

வெளியில் உப்பு அதிகமானால் என்று கேட்டேன். உள்ளே இருக்கிற தண்ணீர் வெளியே வந்து மணி சுருங்கிவிடும் என்றார். உன் எலுமிச்சங்காய் அஞ்சலை! நீ கேட்டதற்குப் பதில் அதுதான். அன்றைக்கு உன் ரத்தத்தில் நான் என்ன செய்தேன் என்பது அந்த இடத்தில்தான் விளங்கியது. எப்படியும் போயிருப்பாயோ என்னவோ. அதை யாரிடம் கேட்பேன்?

திரும்பி வந்தும் பல மாதம் வாயைத் திறக்கவில்லை. முனியாண்டி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து என்னோடு சாப்பிடுகிறவன். அவனும் போய்விட்டால் உன் முகச்சாடையில் எனக்கு யார் இருக்கிறார்கள்? ஆனாலும் உன் திவசத்தன்று இலை போட்டதும் சொல்லிவிட்டேன். ஒன்று விடாமல் சொன்னேன்.

அவன் சோற்றில் கை வைக்கவில்லை. “நான் கேட்டேனே மாமா,” என்றான். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வழியில் கண்டால் வாளியை வேறு கைக்கு மாற்றிக்கொண்டு ரப்பர் மரங்களுக்குள் திரும்பிவிடுவான்.

போன செவ்வாய் காலை, பால் நிறுக்கிற நேரம். செல்லம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். வாந்திபேதி. அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. முனியாண்டி அவளைக் கட்டிலில் கிடத்திவிட்டு, இடுப்பு மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் முன்னால் நீட்டினான்.

“உப்பு கொண்டாந்திருக்கேன்.”

இப்போது பெட்டி நிறைய மருந்துப் பொட்டலம் இருக்கிறது என்று திறந்து காட்டினேன். அவன் கண்ணெதிரே நிறுத்துப் போட்டுக் கலக்கிக் காய்ச்சி ஆறவைத்தேன். இப்போதெல்லாம் நரம்பில் ஏற்றுகிற முன் கொஞ்சம் தனிக் கோப்பையில் ஊற்றி நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். கண்ணீர் கரிக்கிற அளவுக்குக் கரிக்க வேண்டும். நான் பார்த்துவிட்டுக் கோப்பையை அவனிடம் நீட்டினேன். அவனும் புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தான்.

“ஏத்துங்க மாமா,” என்றான்.

செல்லம்மா பிழைத்துக்கொண்டாள். நேற்று கஞ்சியில் உப்பில்லை என்று புருஷனைத் திட்டினாளாம். நாளை ஞாயிறு. வருவானா தெரியாது. வந்தாலும் வராவிட்டாலும் இரண்டு பேருக்கு உலை வைக்கிறேன்.

அவன் கொடுத்த பொட்டலத்தை உன் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். உனக்கு ஒரே ஒரு சத்தியம். இனி என் முன்னால் நின்று யார் எதைக் கேட்டாலும், அடுப்படியிலிருந்து கேட்டாலும், உனக்கென்ன தெரியும் என்று சொல்ல மாட்டேன்.

முனியாண்டிக்கு இன்னும் மாமாவாகவே இருக்கிற,
உன் வீட்டுக்காரன்
வேலாயுதம்