புள்ளி விழுந்த மிளகாய்ச் செடி

1987, புரட்டாசி, சனி இரவு

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் புளியமரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். மூன்று நாளாகப் பஸ் இல்லை. இன்று சங்கராபுரத்திலிருந்து மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தே என் ஆராய்ச்சிக்கான சோதனை வயலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மிளகாய் இலைகளில் போன வாரம் நானே வைரஸ் சாற்றைத் தேய்த்திருந்தேன். வயலைப் பார்த்துக்கொள்ளும் அஞ்சலை அக்கா சிரித்தபடி வந்தார்.

"புள்ளி வுழுந்த செடியெல்லாம் புடுங்கிப் போட்டுட்டேங்க. பச்சையா நின்னுகினு இருக்கறத மட்டும் வுட்டு வெச்சிருக்கேன்."

எனக்கு வேண்டியதே புள்ளிச் செடிதான். வைரஸ் நுழைந்ததும் செல்லுக்குள் ஏதோ ஒன்று அதை அடையாளம் காண்கிறது. உடனே சுற்றியுள்ள செல்கள் தாமே செத்து வழியை அடைத்துவிடுகின்றன. அந்தச் சாவுதான் புள்ளி; வைரஸால் அதைத் தாண்ட முடியாது. பச்சையாக நிற்பவற்றுக்குள்தான் வைரஸ் சத்தமில்லாமல் பரவுகிறது. இதை நான் அக்காவிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

இருவரும் குப்பையைக் கிளறி, வேர் காயாத ஒரே ஒரு செடியைக் கண்டெடுத்து நட்டோம்.

"இது பொழைக்குமாங்க?" என்றார், தண்ணீர் ஊற்றிக்கொண்டே.

இப்போது கண்ணை மூடினால், வைரஸாக அந்த இலைக்குள் நடந்துகொண்டிருக்கிறேன். சின்னச் சின்ன மரங்கள் என் எதிரே தாமாகவே சாய்கின்றன. தாண்ட முடியவில்லை. சந்தோஷமாக இருக்கிறது.