பம்ப் ரூம் நிழல்

மச்சானுக்கு,

போன் பண்ணினால் நீ எடுப்பதில்லை. இதையாவது கிழித்துப் போடாமல் படி.

போன ஞாயிறு ஏரிக்கு வந்தவன், பம்ப் ரூம் பின்னால் எங்களைப் பார்த்துவிட்டு, தூண்டிலைப் போடாமலே திரும்பிவிட்டாயாம். உன் தங்கச்சி சொன்னாள். குடைக்கு அடியில் உட்கார்ந்திருந்தவர் என் மேனேஜர்.

அந்தச் சுவரின் நிழல் தண்ணீரில் விழுகிற அரை மணி நேரம்தான் மீன் கடிக்கும் என்று கண்டுபிடிக்க உனக்கு ஆறு வருஷம் ஆனது. அதை என்னிடம் சொல்ல இன்னும் இரண்டு வருஷம் யோசித்தாய். நான் அவரிடம் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். டிரான்ஸ்ஃபர் லிஸ்டில் என் பெயர் இருந்தது, மச்சான். இப்போது இல்லை.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் விடிவதற்குள் வாசலில் ஹாரன் அடிக்கிறார். காய்ச்சல் என்று படுத்துப் பார்த்தேன். மாத்திரை வாங்கிக்கொண்டே வந்துவிட்டார். புழு கோர்ப்பது நான், போட்டோவில் கெண்டையைத் தூக்கிப் பிடிப்பது அவர்.

அவர் வாய் மூடாமல் பேசுகிற சத்தத்தில் இப்போது அங்கே மீனும் கடிப்பதில்லை. நீ பார்த்த அன்றைக்குத் திரும்பும்போது காரில் கேட்டார்: “உங்க மச்சானுக்கு வேற இடம் தெரியாமலா இருக்கும்? கேட்டுச் சொல்லுங்க. அடுத்த லிஸ்ட் ரெடியாகுது.”

உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். இந்த வாரம் உன் வீட்டுக்கு வருவேன். குழந்தைக்குப் பொம்மை வாங்கி வருவேன், சிரிப்பேன், சுற்றி வளைத்துக் கேட்பேன்.

நான் அழுதாலும் சொல்லிவிடாதே.

உன் தங்கச்சி புருஷன்