திறக்காத கோப்புகளில் உன் கைகள்

இன்று காலை காரியாபட்டியில் மதுரை பஸ் ஏறியதும் முன்சீட்டில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். இடது கையில் போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். திரையில் இன்னொருத்தி சைகையில் ஏதோ கேட்க, இவள் ஆட்காட்டி விரலைக் கீழ்நோக்கிச் சுழற்றிக் காட்டினாள். திருச்சுழி ஊருக்கு அதுதான் சைகை. அந்தச் சுழலை எனக்கு முதலில் காட்டியவன் நீ. கண்டக்டர் இரண்டு தடவை டிக்கெட் கேட்டாராம். எனக்குக் காதில் விழவில்லை.

ஐந்து வயதில் வந்த காய்ச்சலோடு உனக்குக் காது போய்விட்டது, பிறகு பேச்சும் நின்றுவிட்டது. பாளையம்பட்டி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே போன் ரிப்பேர் கடை வைத்திருந்தாய். நான் அருப்புக்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இணையப் பக்கங்கள் செய்துகொண்டிருந்தேன். உடைந்த போனோடு வந்தவன், வாரத்தில் நாலு நாள் உன் கடையில் உட்காருகிற ஆளாகிவிட்டேன். ஆரம்பத்தில் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதித்தான் பேசினோம். 'ஏலே' என்று தொடங்காமல் நீ ஒரு வரி எழுதியதில்லை. போகப்போக எனக்கும் கை பழகியது. கோபம் வந்தால் மட்டும் நீ பேனாவை எடுப்பாய்.

திருச்சுழிப் பக்கத்திலிருந்து வந்த பெண்ணை நினைத்துக்கொள்கிறேன். அவளுக்கும் காது கேட்காது. வயிற்று வலி என்று டாக்டரிடம் போய், தலைவலி மாத்திரையோடு திரும்பியிருந்தாள். நீ அன்றைக்கு வேலையே பார்க்கவில்லை. "சைகையைப் படம் எடுத்து நெட்ல போடுவோம். டாக்டரு போனைத் தொறந்து பாக்கட்டும்" என்று கையாலேயே சொன்னாய்.

ஞாயிறுதோறும் காது கேட்காதவர்களைத் தேடிக் கிளம்பினோம். கரிமூட்டம் போடுகிறவரும் மல்லி எடுக்கிற அம்மாவும் தாங்களாகவே உண்டாக்கி வைத்திருந்த சைகைகள் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. ஊர் ஊராக அவற்றைப் பதிவு செய்தோம். உடம்பு வலிகளை மட்டும் நீயே செய்து காட்டினாய். உன் கடையின் நீல ஷட்டருக்கு முன்னால் நின்று, எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது, எப்போதிருந்து என்று ஒவ்வொன்றாக. நெஞ்சுவலிக்கு மட்டும் ஏழெட்டுத் தடவை எடுக்கச் சொன்னாய். உனக்குத் திருப்தியே வரவில்லை.

எந்த வடிவத்தில், அதாவது எந்த ஃபார்மட்டில், வீடியோவை ஏற்றுவது என்பதில்தான் நமக்குள் சண்டை. ஒரு நிறுவனம், தான் காப்புரிமை வாங்கி வைத்திருந்த வடிவத்தை அப்போது இலவசமாகக் கொடுத்தது. கோப்பு சின்னதாகும், விரல்கள் துல்லியமாகத் தெரியும். ஆனால் அவர்களுடைய பிளேயரில் மட்டும்தான் ஓடும். இன்னொன்று திறந்த வடிவம். அதன் விதிகளை எல்லோரும் படிக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்காமல் யாரும் அதற்கு ஒரு பிளேயர் எழுதலாம். ஆனால் அதில் கோப்பு பெரிதாக இருந்தது, பல போன்களில் திக்கித்திக்கி ஓடியது. கிராமங்களில் சிக்னல் ஒரு கோடு வந்தாலே பெரிசு என்றிருந்த காலம். நான் முதலாவதைச் சொன்னேன்.

நீ மேஜைக்குக் கீழேயிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்துக் கவிழ்த்தாய். அத்தனையும் பழைய சார்ஜர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரிப் பின். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. போன் செஞ்ச கம்பெனி போயிருச்சு. இத எதுல சொருக?"

"அவங்க சின்னக் கம்பெனி. இவங்க அப்படிப் போகமாட்டாங்க."

நீ பேனாவை எடுத்தாய். "ஏலே, பேச்சு நம்முது. சாவி அவன்ட்ட இருக்கணுமா?"

கம்ப்யூட்டர் படித்தவன் என்பதால் என் பேச்சு ஜெயித்தது. படங்களை அந்த வடிவத்துக்கு மாற்றினேன். அடுத்த ஊருக்கு மெமரி கார்டு வேண்டுமென்று கேமராவில் இருந்த மூலத்தை ஒவ்வொரு தடவையும் அழித்தேன். உன்னிடம் கேட்கவில்லை.

சில வருஷங்கள் நன்றாக ஓடியது. பிறகு அந்த நிறுவனத்தை வேறொருவர் வாங்கினார். பிளேயரை நிறுத்திவிட்டார்கள். புதுப் போன்களில் அது இயங்கவில்லை, பழைய போன்களில் இருந்ததும் ஒருநாள் நின்றுபோனது. நான் கடிதம் எழுதினேன், லைசென்ஸ் கேட்டேன், கெஞ்சினேன். "இந்த உரிமம் இப்போது யாருக்கும் வழங்கப்படுவதில்லை" என்று ஒற்றை வரி வந்தது. அதற்குள் உனக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் இரண்டு தடவை மதுரைக்கு டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்தாய். இந்த நிலையில் இதை வேறு சொல்வானேன் என்று மறைத்தேன். சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

அன்றைக்கு டயாலிசிஸ் வார்டில் நடந்ததை உன் மனைவி முத்துலட்சுமிதான் சொன்னாள்.

"மாத்திரை வாங்க நான் கீழ போயிருந்தேண்ணே. எழுதுற கையில ஊசி இருந்துச்சு அவுகளுக்கு. நெஞ்சக் காமிச்சிருக்காக. ஊசி வலிக்குதோன்னு நர்ஸம்மா கையத் தடவிக் குடுத்துருக்கு. ஒடனே போனை எடுத்து அந்தப் பக்கத்தத் தொறந்துருக்காக. நான் வாரப்ப வெறும் கறுப்புக் கட்டம். விரலால தட்டித்தட்டிப் பாக்குறாக. அந்தம்மாவும் குனிஞ்சு பாக்குது. அப்புறம் போனைக் கவுத்து வச்சிட்டாக."

அவள் ஓடிப்போய்ச் சொல்லி, டாக்டர் வந்து, எல்லாம் நடந்தது. நீ சாயங்காலம் போய்விட்டாய். முன்னாலேயே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அவர் இல்லை என்று சொல்லியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

பக்கம் முன்பே செத்துவிட்டதும் எனக்கு அது தெரிந்திருந்ததும் முத்துலட்சுமிக்குத் தெரியாது. பதினாறாம் நாள் சொன்னேன். அவள் அழவில்லை. "அவுகளுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள். பல மாதம் என்னோடு பேசவில்லை.

பூட்டிய வடிவங்களைத் திறந்து பார்க்கிற ஆர்வலர்கள் சிலர் இணையத்தில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் உன் கோப்புகளோடு வெகுநாள் மல்லுக்கட்டினார். படத்தின் பூட்டு உடையவில்லை. ஒலி மட்டும் எல்லோரும் பயன்படுத்தும் வகையில் இருந்ததால் அதைத் தனியே எடுத்து அனுப்பினார். வாய் பேசாத உன்னுடைய படங்களில் எங்களுக்குக் கிடைத்தது சத்தம் மட்டும்.

அதை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். முத்துலட்சுமி கதவைத் திறந்தாள். ஒலியை ஓடவிட்டேன்: டவுன் பஸ் ஹாரன், ஃபேன், நான் "ரெடி" என்று சொல்வது. பிறகு கை உடம்பில் பட்டு எழும் சத்தம், அதோடு உன் மூச்சு. "இது அவுகதான்" என்றாள். முழுவதையும் கேட்டாள். எது எந்தச் சைகை என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

இப்போது நானும் அவளும் மறுபடி ஊர் ஊராகப் போகிறோம். திறந்த வடிவங்கள் இப்போது எந்தப் போனிலும் திக்காமல் ஓடுகின்றன. அந்த வசதி உன் காலத்துக்குக் கொஞ்சம் பிந்தி வந்துவிட்டது. மூலத்தை மூன்று இடத்தில் வைக்கிறேன். நாம் பதிவு செய்தவர்களில் பாதிப் பேர் இல்லை. அவர்கள் சைகைகளில் நினைவிருப்பதை நானே கேமரா முன் நின்று செய்கிறேன். காது கேட்கிறவனின் கை, திக்குகிறது.

போன வாரம் உன் நெஞ்சுவலிச் சைகையைச் செய்தேன். முத்துலட்சுமி கேமராவை நிறுத்திவிட்டாள். "அவுக இப்பிடிச் செய்யமாட்டாகண்ணே. கைய மூடித் திருப்புவாக." எனக்கு விரித்த கையாகத்தான் நினைவிருக்கிறது. வெகுநேரம் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தோம். யார் சொல்வது சரி என்று கேட்க நீ இல்லை.

இரண்டையும் ஏற்றியிருக்கிறேன்.