யசிந்தாவின் குளிசை

யேசு மரி சூசை

குருநகர்,
யாழ்ப்பாணம்.
20.08.1993

அன்பு மகள் சிசிலியாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மருமகனும் அந்தக் குளிர் தேசத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று எங்கள் கோயில் யாகப்பரை மன்றாடுகிறேன். எல்லாரும் சுகம் என்று எழுதிப் பழகிய கை இன்றைக்கு அந்த இடத்தில் வந்து நின்றுவிட்டது. நான் சுகம், சின்ன மருமகன் அடைக்கலநாதன் சுகம், உன் தங்கச்சி யசிந்தா சுகமில்லை. இத்தனை நாள் கடிதம் போடாததற்குப் பாதை பூட்டு, தபால் இல்லை என்று சாட்டுச் சொல்லலாம், ஆனால் உண்மையில் எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இருந்தேன். இது உங்கள் அம்மா எழுத வேண்டிய கடிதம், அவள் கெட்டிக்காரி, முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டாள், வலை பொத்துகிற கையால் நான் பெண்கள் விஷயம் எழுத வேண்டியதாய்ப் போய்விட்டது. கூச்சம் பார்த்தால் எழுத முடியாது, உள்ளதை எழுதுகிறேன், நீயும் கூச்சப்படாமல் வாசி.

போன நவம்பரில் பெரியாஸ்பத்திரியில் தங்கச்சியின் கர்ப்பப்பைக்குள் புற்றுநோய் தொடங்கியிருக்கிறது என்று சொன்னதும், நீ அங்கிருந்து மருந்துக் குளிசை வாங்கி அனுப்பியதும், கொழும்புக்குப் போய்வருகிற சந்தியோகு அதைப் பால்மா டின்னுக்குள் ஒளித்துக் கிளாலிக் கடலேரியால் கொண்டுவந்து சேர்த்ததும் உனக்குத் தெரிந்த கதைதான். டொக்டர் அம்மா அன்றைக்குச் சொன்னதையும் கேள், அப்போதுதான் மிச்சம் விளங்கும். இந்த வியாதிக்கு வழமையான வைத்தியம் கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான், இவ்வளவு முன்னமே கண்டுபிடித்தபடியால் எடுத்தால் அநேகமாகச் சுகப்படும் என்றா. ஆனால் பிள்ளைக்கு முப்பது வயது, கலியாணம் முடித்து ஆறு வருஷமாக ஒரு குஞ்சும் இல்லை, வியாதியும் உள்தோலோடுதான் நிற்கிறது, அதனால் விருப்பம் என்றால் ஹோமோன் குளிசை கொடுத்துப் பார்க்கலாம், சிலருக்கு அதோடு வியாதி வாடிப்போகும், பிறகு பிள்ளையும் பெறலாம், சிலருக்குக் கேட்காது, ஒன்றும் உறுதி சொல்ல ஏலாது என்றா. மூன்று மாதத்துக்கு ஒருக்கால் உள்ளே சுரண்டி எடுத்துக் கொழும்புக்கு அனுப்பிப் பார்க்க வேணும், ஒரு நாளும் குளிசை தவறக்கூடாது என்று இரண்டு தரம் சொன்னா. குளிசை குடிக்கும் காலத்தில் மாதச் சுகவீனம் வராமல் நிற்கலாம், பசி கூடும், உடம்பு வைக்கும், அதுக்குப் பயப்படவும் வேண்டாம், சந்தோசப்படவும் வேண்டாம் என்றா. சந்தோசப்பட இதில் என்ன இருக்கிறது என்று நான் மனதுக்குள் நினைத்தேன்.

குளிசை வேலை செய்தது மகளே, அதுதான் எனக்கு வயிறு எரிகிறது. ஏப்ரலில் சுரண்டி எடுத்ததற்குக் கொழும்பிலிருந்து மறுமொழி வர, வியாதி நன்றாக ஒடுங்கிவிட்டது, இப்படியே போனால் இன்னும் கொஞ்சக் காலத்தில் நிற்பாட்டலாம் என்று டொக்டர் அம்மா சிரித்த முகத்தோடு சொன்னா. நான் வருகிற வழியில் சைக்கிளை நிறுத்தி யசிந்தாவுக்கு ஒரு சர்பத் வாங்கிக் கொடுத்தேன், அவள் ஒரு மிடறு குடித்துவிட்டு மிச்சத்தை என்னிடம் நீட்டினாள், சின்ன வயதிலும் அப்படித்தானே செய்வாள்.

இனிச் சம்பந்தி மார்கிரட்டின் கதைக்கு வருகிறேன். அவவோடு ஒரே வீட்டில்தான் யசிந்தாவும் அடைக்கலநாதனும் இருக்கிறார்கள். வியாதியின் பேரை அவவுக்குச் சொல்ல வேண்டாம் என்று யசிந்தா காலில் விழாத குறையாகக் கேட்டபடியால், இரத்தம் ஊறுகிறதுக்குக் குளிசை என்று சொல்லி வைத்திருந்தார்கள். அந்தப் பேரைச் சொன்னால் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிடும், பிறகு அவள் குடித்த கோப்பையில் ஒருவரும் தேத்தண்ணி குடிக்கமாட்டார்கள், தொற்றாத வியாதி என்று வீட்டுக்கு வீடு போய்ச் சொல்லவா முடியும். மார்கிரட் பொல்லாத மனுஷி இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். ஆனால் மாமிமாருக்குக் கிணற்றடிக் கொடிதானே கலண்டர். மாதத் துணி காயவில்லை, மருமகள் இரண்டு கோப்பை சோறு சாப்பிடுகிறாள், கன்னம் வைத்திருக்கிறது, நெஞ்சு நோகுது என்கிறாள். ஆறு வருஷம் காத்திருந்த மனுஷி வேறு என்ன நினைக்கும். யசிந்தா முழுகாமல் இருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டா. ஒரு செவ்வாய்க்கிழமை நான் கொஞ்சம் திரளி மீன் கொண்டு போக, படலையடியில் சனம், மார்கிரட் அந்தோனியாருக்கு நேர்ந்த பாணைக் கடகத்தோடு வைத்து எல்லாருக்கும் பகிர்கிறா. மா இல்லாத காலத்தில் எங்கே பிடித்தாவோ தெரியாது. என் கையிலும் ஒன்றை வைத்து, இந்தா பேரப்பிள்ளையின்ரை பாண் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தா. அடைக்கலநாதனைக் கடற்கரைப் பக்கம் கூட்டிப்போய், அம்மாவுக்கு உண்மையைச் சொல்லவில்லையா என்று கேட்டேன், சொல்லத்தான் வேணும் மாமா, ஆனால் அம்மா இப்படிச் சிரிச்சு நான் கண்டு கனகாலம், கொஞ்சம் பொறுங்கோ என்றான். யசிந்தாவிடம் குளிசை குடிக்கிறாயா என்று கேட்டேன், ஓம் அப்பா என்றாள், என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அவள் குடிக்கவில்லை. யாகப்பர் திருநாளுக்கு முதல் நாள் கோயிலில் நற்கருணை ஆசீர் முடிந்து வர அவளுக்கு இரத்தம் போகத் தொடங்கியது, மார்கிரட் பிள்ளை அழிந்துபோச்சு, அழிந்துபோச்சு என்று தலையில் அடித்து அழுதா. பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற மாதிரிச் சரக்குக் கறி வைத்துக் கொடுத்து, நடக்கவிடாமல் படுக்கவைத்துப் பார்த்தா, அவவைக் குறை சொல்ல என்னால் முடியாது. இரத்தம் நிற்கவில்லை, கிணற்றடியில் மயங்கி விழுந்தாள் என்று ஆள் வந்து சொல்ல, ஓடிப்போய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக அவளுடைய சாமான்களை எடுக்கும்போதுதான் அடைக்கலநாதன் கிளினிக் துண்டைத் தேடி அந்தோனியார் சுரூபத்துக்குப் பின்னால் கையை விட்டு அந்தக் குளிசைப் போத்தலை எடுத்தான், முக்கால்வாசி அப்படியே கிடக்கிறது. நான் வாழ்க்கையில் அவளுக்குக் கை ஓங்கியதில்லை, அன்றைக்கு ஓங்கியிருப்பேன், முகத்தைப் பார்த்துவிட்டு விட்டேன், வெள்ளைச் சீலை போல வெளிறிப்போய்க் கிடந்தாள். பிறகு வார்ட்டில் இருக்கும்போது தானாகச் சொன்னாள். டொக்டர் சொன்னது எல்லாம் ஞாபகம் இருந்தது அப்பா, எண்டாலும் மாமி வயித்திலை கை வைச்சு வைச்சுப் பார்க்க எனக்கும் அப்பிடித்தான் இருந்தது, ஒருவேளை உண்மையா இருந்தால் குளிசை அதைக் கொண்டுபோடுமே எண்டு பயந்தன், ஆஸ்பத்திரிக்கு வந்தால் இல்லை எண்டு சொல்லிப்போடுவினம் எண்டும் பயந்தன் என்றாள்.

வயிற்றில் பிள்ளை இருக்கவே இல்லை மகளே. சுரண்டிப் பார்த்ததில் ஏப்ரலில் ஒடுங்கின வியாதி திரும்பத் தழைத்துவிட்டது, சதைக்குள்ளும் இறங்கத் தொடங்கியிருக்கும் போல என்று டொக்டர் அம்மா சொன்னா. அவ ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும், ஏசவில்லை. இனிக் குளிசையை நம்பி இருக்க ஏலாது, உடனே எடுக்க வேணும், பிந்தினால் எடுத்தும் பிரயோசனம் இல்லை என்றா. யசிந்தா இன்னும் ஒரு மூன்று மாதம் தாங்கோ, ஒழுங்காகக் குடிக்கிறன் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். டொக்டர் அம்மா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு மாட்டேன் என்று மட்டும் சொன்னா. அதற்குப் பிறகு யசிந்தா இரண்டு நாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கடைசியில் சம்மதித்தாள், ஆனால் ஒன்று கேட்டாள். மாமிக்கு வியாதி என்று சொல்லக்கூடாது, அழிந்துபோனபோது கர்ப்பப்பை பழுதாகிவிட்டது, அதுதான் எடுக்கிறது என்று சொல்லவேண்டும் என்றாள். அப்படியே சொன்னோம். மார்கிரட் நம்பிவிட்டா, தன்னுடைய கைவைத்தியத்தால்தான் பழுதானதோ என்று இப்போது நெஞ்சில் அடித்துக்கொண்டு திரிகிறா, அதைப் பார்க்க எனக்கு அந்தரமாக இருக்கிறது, அப்படி இல்லை என்று நான் எத்தனை தரம் சொன்னாலும் கேட்கிறா இல்லை. போன சனிக்கிழமை அந்தப் பிள்ளைக்காக ஒரு பூசையும் ஒப்புக்கொடுத்தா. நானும் போனேன். யாருக்காக மன்றாடுவது என்று தெரியாமல் முழந்தாளில் இருந்தேன். ஆஸ்பத்திரியில் கேட்டு ஒரு மணித்தியாலத்துக்கு யசிந்தாவையும் கூட்டிவந்திருந்தார்கள், அவள் நடிக்கவில்லை, விம்மி விம்மி அழுதாள்.

வருகிற புதன்கிழமை ஒப்பரேசன். அடைக்கலநாதனும் அவனோடு தொழிலுக்குப் போகிற பெடியங்களும் இரத்தம் கொடுத்துவிட்டார்கள், ஆஸ்பத்திரி ஜெனரேட்டருக்கு எண்ணெய் இருக்கிறதாம். அடைக்கலநாதன் நல்ல மனுஷன், பிள்ளை இல்லாட்டில் என்ன, அவள் இருக்கட்டும் மாமா என்றான். கடலுக்கு ஒழுங்காகப் போக விடுகிறார்கள் இல்லை, கரையோடு வலை போட்டுக் கறிக்குக் காண்கிறோம், அதைப் பற்றி நீ யோசிக்காதே. உனக்கும் மாதக் கணக்குப் பிசகினால், இடையில் இரத்தம் பட்டால், வெட்கப்படாமல் அங்கே டொக்டரிடம் காட்டு, சகோதரிகளும் கவனமாக இருக்க வேண்டும் என்று டொக்டர் அம்மா சொல்லச் சொன்னா. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. இரவு வேலையைக் குறை. செபமாலையை விடாதே.

இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கிற நேரம் எல்லாம் முடிந்திருக்கும், நல்லபடியாக முடிந்திருக்க மன்றாடு. இரண்டு விஷயம் மறவாதே. யசிந்தா எனக்குத் தெரியாமல் சந்தியோகுவிடம் உனக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறாள், இன்னும் குளிசை அனுப்பச் சொல்லித்தான் இருக்கும், அனுப்பாதே, எவ்வளவு கெஞ்சி எழுதியிருந்தாலும் அனுப்பாதே. மற்றது, மார்கிரட்டுக்கு எழுதும்போது அழிந்துபோன பிள்ளைக்காகத் துக்கம் விசாரித்து இரண்டு வரி எழுது. யசிந்தாவுக்கும் அதையே எழுது மகளே, அவளுக்கும் அது இருந்து போன பிள்ளைதான்.

யேசுவின் திரு இருதயம் உங்கள் இருவரையும் காக்கட்டும். உன் நெற்றியில் சிலுவை போட்டு முத்தமிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
சி. மரியரட்ணம்